பொட்டல் கருப்புக்குக் குடை ஆகாது

குடை என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வந்த கோடை அது. காளவாசலில் என் பேட்டரிக் கடைக்கும் அழகுபாண்டியின் கடைக்கும் நடுவில் ஒரே ஒரு தகரத் தடுப்பு. அவன் ஆட்டோவுக்கு டாப் தைக்கிறவன். டாப் என்றால் ஆட்டோவின் கூரை. ரெக்ஸின் துணியை வெட்டி, குழாய்ச் சட்டத்தில் இழுத்துப் பிடித்து, ஒரு சொட்டு ஒழுகாமல் தைத்துக் கொடுப்பான். பழங்காநத்தம் ஸ்டாண்டு ஆட்டோக்காரர்கள்கூட அவனைத் தேடித்தான் வருவார்கள். அப்பேர்ப்பட்டவன் அந்தச் சித்திரையில், வந்த வண்டிகளை வரிசையாக நிறுத்தி வைத்துவிட்டு, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து மடக்குக் குடைகளைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தான். கம்பி ஒரு பக்கம், துணி ஒரு பக்கம், ஸ்பிரிங் ஒரு பக்கம். கோழி உரித்த இடம் மாதிரி கிடந்தது கடை.

“யோவ், வண்டிய விட்டு எத்தன நாளாச்சு? டாப் இல்லாம எவன்யா ஏறுவான்?” என்று ஒரு ஆட்டோக்காரர் கத்துவார்.

“நாளைக்குத் தாரேண்ணே.”

“நாளைக்கும் நீ கொடைக்குத்தான் கம்பி வளச்சுக்கிட்டு இருப்ப. போற போக்குல கோட்டி புடிச்சிரும் ஒனக்கு.”

அவர் போனதும் நான் தடுப்புக்கு மேலே தலையை நீட்டினேன். எனக்கும் வாய் சும்மா இருக்காது. “தம்பி, கொடை கடையில கிடைக்கும்டா. வாங்கிக் குடுத்துட்டுப் பொழப்பப் பாரு. கொடைய நீ என்ன புதுசாவா கண்டுபிடிக்கப் போற?”

“கடையில விக்கிற கொடை எதுவும் முனீசுக்கு ஆக மாட்டேங்குதுண்ணே,” என்றான். தலையைத் தூக்கவில்லை.

முனீசு என்பது அவன் பெண்டாட்டி முனீஸ்வரி. பழங்காநத்தம் ரவுண்டானாப் பக்கம் சாயங்காலத்தில் தள்ளுவண்டியில் பருத்திப்பால் விற்றுக்கொண்டிருந்தவள். கருப்பட்டியும் சுக்கும் அவள் கையில் அளவாக விழும். நானே காளவாசலிலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு போய்க் குடித்துவிட்டு வருவேன். போன வருஷம் அவள் இரண்டு கன்னத்திலும் மூக்கோடு சேர்த்துச் சிவப்பாக ஒரு தடிப்பு வந்தது. தேமல் என்றார்கள், அம்மை என்றார்கள், கண்ணேறு என்று மிளகாய் சுற்றிப் போட்டார்கள். பிறகு விரல் மூட்டெல்லாம் வீங்கியது. காலும் முகமும் ஊதிப்போய் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுதான் நோய்க்குப் பெயர் வைத்தார்கள்.

“லூபஸாம்ண்ணே,” என்றான் அழகுபாண்டி. “உடம்பே உடம்ப அடிச்சுத் திங்குமாம். வெயில் பட்டா அதுக்கு வெறி வந்துருமாம். இப்பவே கிட்னியில கை வச்சிருச்சு. இன்னொரு தடவ வெயில்ல கெடந்து வந்தா எங்கள எதுவும் கேக்காதீங்கன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க.”

மதுரையில் இருந்துகொண்டு வெயில் படாதே என்றால் என்ன அர்த்தம்? மீனைத் தண்ணீரில் நனையாதே என்று சொல்கிற மாதிரிதான். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், பஸ்ஸுக்கு நிற்க வேண்டும், மகளைப் பள்ளிக்கூடத்தில் விட வேண்டும். குடை பிடித்தால் போயிற்று என்று நானும்தான் நினைத்தேன். பிடிக்கக் கை வேண்டுமே! வீங்கிய விரலால் குடையின் பொத்தானை அமுக்க முடியவில்லை. தம்ளரைத் தூக்கவே இரண்டு கை வேண்டியிருந்தவளுக்குக் குடைக்காம்பு எங்கே நிற்கும்? விரித்த குடையோடு டவுன் பஸ்ஸில் ஏறினால் ஏச்சு. மடக்கினால் மறுபடி விரிக்க யாரையாவது கெஞ்ச வேண்டும்.

அதனால்தான் அவன் உட்கார்ந்து பிரித்துக்கொண்டிருந்தான். முதலில் தைத்தது ஆட்டோ ரெக்ஸினில். வெயில் துளிகூட இறங்காது. ஆனால் அதைத் தோளில் மாட்டிய முனீஸ்வரி, “ஆட்டோவையே முதுகுல கட்டி விட்டுட்டீகளா?” என்று கேட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அடுத்தது மெல்லிய துணி. மடித்தால் இட்லித் துணி மாதிரி உள்ளங்கையில் அடங்கியது. அதை நடு ரோட்டில் விரித்து அண்ணாந்து பார்த்தான். சூரியன் அப்படியே வட்டமாகத் தெரிந்தது. தூ என்று துப்பிவிட்டுக் கிழித்துப் போட்டான். பிறகு காருக்குப் போர்த்துகிற வெள்ளிப் பூச்சுத் துணியில் கறுப்புத் துணியை அடியில் வைத்துத் தைத்தான். கனமும் இல்லை, வெளிச்சமும் இறங்கவில்லை. மூன்றாக மடிகிற கம்பி, முழங்கை நீளம்கூட இல்லாத ஒரு பை, பையைத் தோளுக்குப் பின்னால் நிறுத்த ஒரு வார். கையில் பிடிக்கவே வேண்டாம். எல்லாம் சரி, விரிக்கிறது எப்படி என்பதில் வந்து நின்றுவிட்டான். பொத்தானை எங்கே வைத்தாலும் அவள் விரலால் அமுக்க முடியவில்லை. நாலைந்து நாள் அதே இடத்தில் நின்றான். தாடி வளர்ந்தது. ஆட்டோக்காரர்கள் வேறு கடையைத் தேடிப் போக ஆரம்பித்தார்கள்.

எனக்குப் பொறுக்கவில்லை. “அவளுக்குத் தூக்கவும் முடியாது, அமுக்கவும் முடியாது, இழுக்கவும் முடியாது. கையத் தொங்கப் போடத்தான் முடியும். அப்படிப்பட்டவளுக்கு எவன்டா கொடை செய்வான்?” என்று கத்தினேன். வயிற்றெரிச்சலில் சொன்னதுதான்.

அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். “தொங்கப் போட முடியும்ல?” என்றான். “அண்ணே, அது போதும்ண்ணே.”

பொத்தானைப் பிடுங்கி எறிந்துவிட்டு, ஸ்பிரிங்கைப் பிடித்து வைக்கிற கொக்கியில் ஒரு நைலான் கயிற்றைக் கட்டினான். கயிற்றின் மறுமுனையில் வளையல் மாதிரி ஒரு துணி வளையம். அது மணிக்கட்டில் கிடக்கும். கையை மடக்கி வைத்திருக்கும் வரைக்கும் கயிறு தளர்ந்திருக்கும். கையைத் தளர விட்டால் கையின் கனமே கயிற்றை இழுக்கும், கொக்கி விடும், ஸ்பிரிங் குடையைத் தலைக்கு மேலே தூக்கி விரித்துவிடும். விரலுக்கு வேலையே கிடையாது. என் கடை வாசலில் அவனே மாட்டிக்கொண்டு கையைத் தொங்கப் போட்டான். டப்பென்று விரிந்தது. சிக்னலில் நின்ற பஸ்ஸிலிருந்து யாரோ விசில் அடித்தார்கள். அழகுபாண்டி அழுதுவிட்டான்.

பழங்காநத்தத்தில் அவன் வீட்டுக்கு நானும் போயிருந்தேன். முனீஸ்வரி உப்பில்லாத கஞ்சியை ஒரு பச்சை மிளகாயைப் பார்த்துக்கொண்டே குடித்துக்கொண்டிருந்தாள். மிளகாயும் ஆகாது, பார்க்கத்தான். குடையை மாட்டிவிட்டதும் கையைத் தொங்கப் போட்டாள். டப். அவள் முகத்தில் சிரிப்பைப் பார்த்து எத்தனை மாதமாயிற்று! மறுபடி மறுபடி விரித்தாள். ஒரே குறை, மடக்குவதுதான் பெரும்பாடு. ஸ்பிரிங் கெட்டி. குடையின் உச்சியைச் சுவரில் சாத்தி வைத்து, உடம்புக் கனத்தையெல்லாம் போட்டு அழுத்தினால்தான் உள்ளே போய்க் கொக்கி விழும். அந்த வேலை அழகுபாண்டியின் ஆத்தா ஒச்சம்மாளிடம் வந்து சேர்ந்தது.

“விரிக்கிறவ மகராசி. மடக்குறதுக்கு நானு, சம்பளமில்லாத ஆளு,” என்று அந்த அம்மா சுவரில் குடையை வைத்து முட்டினாள். ஏச்சு வாயில்தான். ஓரத் துணி பிரிந்திருப்பதைப் பார்த்துவிட்டு, தன் ரவிக்கைக்கு வாங்கிய பச்சை நூலையே ஊசியில் கோத்து அன்றைக்கே சுற்றிலும் ஓரம் அடித்துக் கொடுத்தாள்.

“கறுப்புத் துணிக்குப் பச்ச நூலா ஆத்தா?” என்று மகன் கேட்டான்.

“ஆமா, இவ கல்யாணத்துக்குப் போறா. போடா.”

தெருவில் வாய்கள் சும்மா இருக்குமா? காலை வெயிலுக்கே குடை விரித்துக்கொண்டு முனீஸ்வரி நடக்கும்போது, “அற்பனுக்கு வாழ்வு வந்தா அர்த்தராத்திரியில கொடை புடிப்பானாம்” என்று ஒருத்தி சத்தமாகவே சொன்னாள். ஒச்சம்மாள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு அவளை ஏழு தலைமுறைக்கும் சேர்த்து ஏசித் தீர்த்துவிட்டாள். மருமகள் மேல் அப்படி ஒரு பாசம். அந்தப் பாசத்திலேதான் வினையும் வந்தது.

வைகாசி பிறந்ததும் ஊரிலிருந்து பேயாண்டி வந்தார். பேரையூருக்கு மேற்கே இவர்களுடைய குலசாமி பொட்டல் கருப்பு. பேயாண்டி அதற்குப் பூசாரி, அழகுபாண்டிக்குச் சின்னய்யா, அதாவது அப்பனுக்குத் தம்பி. நல்ல மனிதர். மருமகளுக்கென்று ஒரு பை நிறையக் கொத்தவரங்காயும் தோட்டத்து எலுமிச்சையும் கொண்டுவந்திருந்தார். நானும் அப்போது அங்கேதான் இருந்தேன்.

“கடேசி வெள்ளிக்கிழம பொங்கல் மதினி,” என்றார் ஒச்சம்மாளிடம். “இந்த வருசம் தலைப்பானை தப்பக் கூடாது.”

அவர்கள் பங்காளிகளில் இந்த வீடுதான் மூத்த வீடு. மூத்த வீட்டு மருமகள் வைக்கிற பானைக்குப் பெயர் தலைப்பானை. அது பொங்கிய பிறகுதான் மற்ற வீட்டுப் பானைகளில் அரிசி விழும். போன வருஷம் முனீஸ்வரி ஆஸ்பத்திரியில் கிடந்ததால் இரண்டாம் வீட்டு மருமகள் தலைப்பானை வைத்தாள். அதற்குப் பிறகு ஊரில் கிணறுகள் வற்றின, ஒரு இளந்தாரி பைக்கில் போய் விழுந்து செத்தான். எல்லாவற்றையும் அந்தப் பானையோடு முடிச்சுப் போட்டுவிட்டார்கள்.

“சின்னய்யா, வெயில்ல நிக்கப்படாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காங்க,” என்றான் அழகுபாண்டி. “ஒரு கீத்துக் கொட்டாயி போட்டுத் தாரேன். அம்புட்டுதான் கேக்குறேன்.”

பேயாண்டி காதைப் பொத்திக்கொண்டார். “என்னடா பேசுற? கூர வேணாம்னு வெட்டவெளியில நிக்கிற சாமிடா அது. எந்தக் காலத்துலயோ ஒருத்தன் கூர போட்டான், மறாநாளே எரிஞ்சு போச்சு. அது வெயில்ல நிக்கையில நமக்கு என்ன நெழலு?”

“அப்ப கொடை? அவ ஒருத்திக்கு மட்டும். நான் சின்னதாத் தச்சிருக்கேன் சின்னய்யா, கையில புடிக்கக்கூட வேணாம். பாருங்களேன்.”

“நான் அதப் பாக்கவே மாட்டேன். செருப்பு, தலப்பா, முக்காடு, கொடை நாலும் எல்லைக் கல்லுக்கு வெளிய. எங்கய்யா காலத்துலருந்து இதான். எனக்கு மட்டும் பிள்ள மேல பிரியம் இல்லையா? அந்தப் பானை தப்புனதுலதான இவளுக்குச் சீக்கே தீர மாட்டேங்குது? ஒருக்கா வந்து நின்னு பொங்கி இறக்கிட்டா கருப்பனே சீக்க எடுத்துருவான்டா.”

“சீக்கு மொதல்ல வந்துச்சு. பானை பொறவுதான் தப்புச்சு!” என்று அழகுபாண்டி கத்தினான்.

“எதுருக்கு எதுரு பேசாத. மதினி, நீங்க சொல்லுங்க.”

ஒச்சம்மாள் எலுமிச்சம்பழத்தை உருட்டிக்கொண்டிருந்தாள். “டாக்டரு மாத்தர குடுக்கத்தான் குடுக்குறாக. கொறையவா செய்யிது? நாளுக்கு நாளு பிள்ள கரையிது. அவன் காலுல கொண்டு போட்டுருவோம்டா. நான் கூட நிக்கிறேன்.”

“செத்துப்போவா ஆத்தா.”

“வாயக் கழுவுடா!”

நான் வெளியாள். வேறு சாதி, வேறு சாமி. ஆனாலும் வாயைத் திறந்தேன். அதற்குள் முனீஸ்வரியே பேசிவிட்டாள். “நான் போறேன்ங்க,” என்றாள். “எல்லாந்தான் பாத்தாச்சு. தம்ளரத் தூக்க முடியல, பிள்ளைக்குச் சட பின்ன முடியல. ஒருவேள சரியாயிருச்சுன்னா?”

அழகுபாண்டி எழுந்து வெளியே போனான். கும்பிடப் போன சாமி குறுக்கே வந்தது என்பார்கள். இவனுக்குக் குறுக்கே வந்தது மட்டுமில்லை, அசையாமல் நின்றும்விட்டது.

கடையில் வந்து என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டான். “அண்ணே, ஒங்க ஆம்னி வேனை எடுத்துக்கிட்டு நீங்களே வாரீகளா? ஒண்ணுன்னா உடனே தூக்கிப் போட்டுக்கிட்டுக் கெளம்பணும்.”

வைகாசிக் கடைசி வெள்ளிக்கிழமை காலையில் கிளம்பினோம். வேன் கண்ணாடிகளுக்கெல்லாம் அவன் வெள்ளித் துணியை ஒட்டியிருந்தான். மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டோம். திருமங்கலம் தாண்டி, கல்லுப்பட்டி தாண்டிப் போனால் முந்தின நாள் சாயங்காலம் கோடை மழை கொட்டியிருந்தது தெரிந்தது. குட்டைகளில் தண்ணீர், மண்ணில் ஆவி. மழை பெய்த மறுநாள் வெயில் இருக்கிறதே, அது இரண்டு மடங்கு. பேரையூரில் டீ குடிக்க நிறுத்தியபோது ஒச்சம்மாள் இறங்கிப் பூ வாங்கப் போனாள். அந்த இடைவெளியில் அழகுபாண்டி குடைப் பையை எடுத்து முனீஸ்வரியின் தோளில் மாட்டினான்.

“அத்தைக்கிட்ட கொண்டு வர மாட்டேன்னு சத்தியம் பண்ணிருக்கேன்,” என்றாள் அவள்.

“நீ கொண்டு வரல. நான் கட்டி விடுறேன். முனீசு, ஒன்னால முடியலன்னு தோணுச்சுன்னா யாரையும் பாக்காத. கையத் தொங்கப் போட்டுரு. அம்புட்டுதான். பெறகு வாரத நான் பாத்துக்கிறேன். ஒன் காலுல விழுறேன் தாயி.”

நிஜமாகவே காலைத் தொட்டான். அவள் பதறிப்போய் வளையத்துக்குள் கையை விட்டுக்கொண்டாள். சேலை முந்தானையை இரண்டு தோளும் மூட இழுத்துச் செருகினாள். பை இருந்தது தெரியவில்லை. வலது கையை மட்டும் மார்போடு மடக்கி வைத்துக்கொண்டாள்.

பொட்டல் என்றால் பொட்டல்தான். கண்ணுக்கெட்டிய மட்டும் ஒரு மரம் கிடையாது. நடுவில் ஆள் உயரத்துக்கு எண்ணெய் குடித்துக் கறுத்த ஒரு கல். அதுதான் பொட்டல் கருப்பு. சுற்றிலும் நாலு மூலைக்கு நாலு எல்லைக் கல். சுவர் இல்லை, பந்தல் இல்லை, ஒரு சாக்குப்படுதாகூட இல்லை. ஆண்கள் கல்லுக்குப் பின்னால், பெண்கள் முன்னால். கிடாய்கள் தூரத்தில் கட்டிக் கிடந்தன. நான் செருப்போடு எல்லைக் கல்லுக்கு வெளியே வேன் பக்கத்தில் நின்றேன்.

உச்சி வெயிலில்தான் அடுப்பு மூட்ட வேண்டுமாம். முனீஸ்வரி கல்லுக்கு நேர் எதிரே மூன்று கல் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்தாள். அரைப் படி அரிசி, பால், வெல்லம். பின்னால் ஒச்சம்மாள். அடுப்பு எரியவில்லை. பனையோலையும் கருவேல விறகும் முந்தின நாள் மழையில் நனைந்து போயிருந்தன. புகைதான் வந்தது. மண்ணெண்ணெய் ஊற்றக் கூடாது, தலைப்பானை அடுப்பில் வேறு யாரும் கை வைக்கவும் கூடாது. அவளே இடது கையால் ஓலையைத் தள்ளித் தள்ளி ஊதினாள். கொஞ்சம் பிடிக்கும், அணையும். கண்ணெல்லாம் சிவந்துவிட்டது. கன்னத்தில் அந்தப் பழைய தடிப்பு பச்சை ரணமாக எழும்புவது நான் நின்ற இடத்துக்கே தெரிந்தது.

வலது கை மட்டும் மார்பை விட்டு இறங்கவே இல்லை. அது ஏன் என்று அந்தப் பொட்டலில் எனக்கும் அழகுபாண்டிக்கும் மட்டும்தான் தெரியும்.

“முனீசு, கையத் தொங்கப் போடு!” என்று அவன் ஆண்கள் கூட்டத்திலிருந்து கத்தினான்.

அவள் திரும்பிப் பார்த்தாள். தலையை ஆட்டினாள், மாட்டேன் என்று.

“சும்மா இருடா,” என்றார் பேயாண்டி. “தண்ணி சூடாயிருச்சு. இந்தா பொங்கப் போகுது.”

“தொங்கப் போடு தாயி! முனீசு!”

போடேன்டி, அந்தக் கையைத் தொங்கப் போட்டுத் தொலையேன் என்று நான் வாய்க்குள்ளேயே முனகிக்கொண்டிருந்தேன். அவள் போடவில்லை. சாமிக்குப் பயந்தா, சத்தியத்துக்குப் பயந்தா, இல்லை, இத்தனை பட்டுவிட்டோம், இன்னும் கொஞ்ச நேரம் என்று நினைத்தாளா, தெரியாது. பானையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அப்படியே சரிந்தாள். மடக்கி வைத்திருந்த கை தளர்ந்து தரையில் விழுந்தது.

டப்.

முந்தானையைத் தள்ளிக்கொண்டு கிளம்பிய குடை அவள் தலைக்கு மேலே விரிந்து நின்றது.

அந்தக் குடையை அதற்கு முன் அந்த ஊர்க்காரர்கள் யாரும் கண்ணால் பார்த்ததில்லை. கொண்டுவந்து காட்டியபோது பேயாண்டி பார்க்க மாட்டேன் என்றுவிட்டார். ஒரு குடை, பிடிக்கிற கை இல்லாமல், விரிக்கிற ஆள் இல்லாமல், பெண்ணின் முதுகிலிருந்து தானாக விரிந்தால் யார்தான் என்ன நினைப்பார்கள்?

“கருப்பா! எங்கப்பா!” பேயாண்டி கத்தினார். “கூர வேணாம்னவன் என் மருமகளுக்குக் கொடை விரிச்சுட்டான்டோய்!”

குலவை கிளம்பியது பாருங்கள், காது அடைத்துப் போகிற குலவை. பெண்கள் தரையில் விழுந்து கும்பிட்டார்கள். ஒருத்தி மஞ்சள் தண்ணீரைக் கொண்டுவந்து முனீஸ்வரியின் காலில் ஊற்றினாள். ஆண்கள் தலைக்கு மேலே கைகுவித்து நின்றார்கள். அழகுபாண்டி பாய்ந்து ஓடிவந்தான். நாலு பேர் அவனைச் சேர்த்துப் பிடித்துவிட்டார்கள்.

“விடுங்கடா! மயங்கிக் கெடக்காடா! அது நான் தச்ச கொடைடா!”

“பங்காளி, பேசாம இரு. சாமி எறங்கியிருக்கு.”

“சாமியும் இல்ல, ஒரு மயிரும் இல்ல! விடுங்க என்னைய!”

வாயிலேயே ஒருத்தன் அடித்தான். ஆரம்பத்திலிருந்தே சாமியை எதிர்த்துப் பேசுகிறவன் என்று அவன் பெயர் கெட்டிருந்தது. அவன் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. நான் எல்லைக் கல்லில் ஒரு காலை வைத்துக் கத்தினேன். “யோவ், ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கய்யா, உசிரு போயிரும்!”

“வெளியாளு வாயத் தொறக்காதீக!” என்றார் பேயாண்டி. “யாரும் அவளத் தொடப்படாது. அவனே எந்திரிக்கச் சொல்லுவான். அப்ப எந்திரிப்பா.”

முனீஸ்வரியின் காலிரண்டும் குடை நிழலுக்கு வெளியே கிடந்தன. ஒரு கால் வெட்டி வெட்டி இழுத்தது. அதையும் சாமி ஆட்டம் என்று நினைத்து இன்னும் சத்தமாகக் குலவையிட்டார்கள். வாழ்நாளில் எனக்கு அவ்வளவு பயம் வந்ததில்லை.

நான் ஒச்சம்மாளைப் பார்த்தேன். அவளும் கைகூப்பித்தான் நின்றாள். கண்ணிலிருந்து கண்ணீர் வழிந்தது. கொண்டுவர மாட்டேன் என்ற மருமகளின் சத்தியத்தை நம்பியிருந்தவளுக்கு அது வீட்டுக் குடை என்று தோன்றவே இல்லை. சாமி வந்துவிட்டது, மருமகள் பிழைத்துவிட்டாள் என்று அந்தக் கிழவி நம்பினாள். முகத்தைப் பார்த்தால் தெரிந்தது. நம்பி, முனீஸ்வரியின் காலைத் தொட்டுக் கும்பிடக் குனிந்தாள். குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். குடையின் ஓரம் அவள் முகத்துக்கு நேரே இருந்தது. கறுப்புத் துணியில் சுற்றிலும் பச்சை நூல்.

நிமிர்ந்தபோது அவள் கைகள் கூப்பியிருக்கவில்லை.

“நிறுத்துங்கடி கொலவைய!”

அந்தத் தொண்டையில் அவ்வளவு சத்தம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. “இது சாமி இல்ல. என் மகன் தச்ச கொடை. ஓரம் அடிச்சது நானு. பிள்ளைக்குக் கட்டி விட்டதும் நான்தான். குத்தம் எனக்கு!”

கட்டிவிட்டது அவள் இல்லை. அது அங்கே எத்தனை பேருக்குத் தெரியும்?

“மதினி, சாமிய மறைக்காதீக. நாங்க கண்ணால பாத்தோம்,” என்று பேயாண்டி சொன்னார்.

“கண்ணாலதான பாத்த? இப்பவும் பாரு.”

வாரை அவிழ்த்துக் குடையை மருமகளின் தோளிலிருந்து கழற்றினாள். எழுந்து நேரே கருப்பை நோக்கி நடந்தாள். என்ன செய்யப் போகிறாள் என்று யாருக்கும் விளங்கவில்லை. எனக்கு விளங்கிவிட்டது. அதை மடக்க ஒரு சுவர் வேண்டும்.

குடையின் உச்சியைச் சாமி கல்லின் நெஞ்சில் சாத்தினாள். வீட்டில் தினமும் முட்டுகிற மாதிரியே உடம்புக் கனத்தையெல்லாம் போட்டு முட்டினாள். பெண்கள் ஐயோ என்று அலறினார்கள். கல்லில் வைத்திருந்த பூ உதிர்ந்தது. குடை மடங்கி, கொக்கி விழுந்த சத்தம் எல்லைக் கல் வரைக்கும் கேட்டது.

“மதினி! சாமி மேலயா!”

“வேற எதுல சாத்தச் சொல்ற? இங்க செவரு இருக்கா? செவரு வேணாம்னு சொன்னது நீங்கதான?” வளையத்துக்குள் தன் கையை விட்டாள். தொங்கப் போட்டாள். டப். “இந்தா விரிஞ்சிருச்சு. எனக்குமா சாமி வந்துருச்சு? தூக்குங்கடா பிள்ளைய! எவன்டா பூசாரி, எவன்டா பங்காளி! என் மருமக செத்துக்கிட்டு இருக்காடா!”

அழகுபாண்டியைப் பிடித்திருந்த கைகள் தாமாக விட்டன. அவன் ஓடிவந்து அவளை அள்ளினான். பின்னாலேயே விரித்த குடையைப் பிடித்துக்கொண்டு ஒச்சம்மாள், எல்லைக்குள்ளேயே, சாமிக்கு முன்னாலேயே, மருமகளின் முகத்தில் வெயில் விழாமல் குறுக்கே குறுக்கே ஓடிவந்தாள். அடுப்பைத் தாண்டும்போது யாரும் பானையைத் திரும்பிப் பார்க்கவில்லை. நான்தான் வேனைத் திருப்பும்போது பார்த்தேன்.

பேரையூர் ஆஸ்பத்திரிக்கு விரட்டினேன். பின் சீட்டில் முனீஸ்வரியின் தலை மாமியார் மடியில். ஜன்னலில் வெள்ளித் துணி ஒட்டியிருந்தும், குடையை வேனுக்குள்ளேயே பாதி விரித்து முகத்துக்கு மறைப்பாகப் பிடித்திருந்தாள் ஒச்சம்மாள். அழகுபாண்டி காலைத் தேய்த்துக்கொண்டே, “முனீசு, முனீசு” என்று அதையே சொல்லிக்கொண்டு வந்தான். அவன் வாயிலிருந்து ரத்தம் வடிந்து சட்டையில் சொட்டியது. துடைக்கவில்லை.

பேரையூர் எல்லைக்கு வரும்போது அவள் கண் லேசாகத் திறந்தது. உதடு அசைந்தது. ஒச்சம்மாள் காதைக் கொண்டுபோனாள்.

“அத்த, பானை பொங்குச்சா?”

நான் கண்ணாடியில் பார்த்தேன். அழகுபாண்டி தலையைத் திருப்பிக்கொண்டான்.

“பொங்குச்சுடி,” என்றாள் ஒச்சம்மாள். “கெழக்குப் பக்கமாப் பொங்கி வழிஞ்சிருச்சு. ஊரே பாத்துச்சு. நீ கண்ண மூடாம என்னையப் பாரு.”

முனீஸ்வரி சிரிக்கப் பார்த்தாள். நான் ஆக்சிலேட்டரை மிதித்தேன். அந்தப் பானையில் ஓரத்தில் ஒரு நுரைகூடக் கட்டியிருக்கவில்லை.